ஏழாம் தந்தையின் பெயர்

நம்பிக்கையே ஒரு நாட்டின் முதுகெலும்பு. அந்த முதுகெலும்பைத் தாங்கி நிற்பது அஞ்சல். இந்தப் பொன்மொழி என்னுடையது அல்ல, ஐயா. எங்கள் இயக்குநர் கெனேஷ்பெக் தோக்தோமாதோவிச், ஜோர்கோ என்ற எங்கள் மின்னஞ்சல் நிறுவனத்தின் தொடக்க விருந்தில் எழுந்து நின்று சொன்னது. சொல்லும்போது அவர் கையில் வெந்த ஆட்டுத்தலையின் காது ஒன்று இருந்தது. தலை பெரியவருக்கு, காது அங்கிருக்கும் சிறுவனுக்கு என்பது முறை. எங்கள் அலுவலகத்தில் சிறுவன் யாரும் இல்லாததால் காதை என்னிடம் நீட்டினார். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வாங்கிக்கொண்டேன். நன்றாகவே வெந்திருந்தது.

என்னை நீங்கள் சாட்சி என்ற முறையில்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். ரிஸ்பெக்கின் வழக்கில் அவன் மனைவியின் அஞ்சல் பெட்டி எப்படித் திறந்தது என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் என்று உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கொஞ்ச நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை. எல்லாவற்றையும் சொன்னால் சரியாகும் என்று தோன்றுகிறது. தேநீரை அப்படி ஓரமாக வைத்துவிடுங்கள், ஆறட்டும்.

எங்கள் அலுவலகம் ஓஷ் சந்தைக்குப் பின்புறம், யூனுஸின் கறிச் சம்சாக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தொலைக்காட்சியில் இயக்குநர் அடிக்கடி சொன்ன 'தேசியத் தரவு மையம்' என்பது அந்த மாடியின் பழைய குளியலறை. அங்கேதான் குளுமை. சுவரில் நீல மீன்கள் போட்ட ஓடு, அதன் கீழே சர்வர். ஏறியவன் கிண்ணத்திலிருக்கும் குதிரைப்பால் குமிஸ் சிந்தாமல் வழுக்கி ஓடும் ஜோர்கோ குதிரையைச் சின்னமாக வைத்திருந்தோம். பெட்டி திறக்கும்வரை திரையில் அந்தக் குதிரை ஓடும். பாவம், நிறையவே ஓடியது. காசு கட்டியவர்களுடைய குதிரைக்கு மட்டும் தங்கச் சேணம். அஞ்சல் வேகத்தில் மாற்றம் கிடையாது, சேணம் மட்டும்தான். அமைச்சகங்கள் எல்லாம் சேணம் வாங்கின.

நானும் சைகாலும் புகார் மேசையில் இருந்தோம். கடவுச்சொல்லை மறந்தவர்கள் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். சைகாலுக்கு முப்பது வயது இருக்கும். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் என்னை 'பைகே' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். எதிரெதிர் நாற்காலி. அவள் சிரித்தால் என் மேசையில் தேநீர்க் கிண்ணம் அதிரும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். ஒருநாள் இயக்குநர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார்.

"கடவுச்சொல்லை மறந்துட்டா வெளிநாட்டுக்காரன் என்ன கேக்கறான்? 'உன் நாயோட பேரென்ன?'ங்கறான். நாயை வெச்சு தன்னை அடையாளம் காட்டற ஜனமா நாம? இனிமே ஜோர்கோ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கும். 'உன் ஏழாம் தந்தையின் பெயர் என்ன?'"

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கணக்குப் பிரிவு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சைகால் மட்டும் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"எங்க மாமியாருக்கு எங்க பொறந்த வீட்டு ஏழு பேரும் மனப்பாடம் பைகே. பொண்ணு கேட்டு வந்தப்போ வரிசையா ஒப்பிக்க வெச்சுதான் கட்டிக்கிட்டுப் போனாங்க. எங்க நாய் பேருதான் அவங்களுக்குத் தெரியாது. எங்ககிட்ட நாயே இல்ல."

அவள் சொன்னது சரி. இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குத் தகப்பனிலிருந்து மேலே ஏழு தலைமுறைத் தந்தையரின் பெயரும் தெரியும். விருந்தில் நாற்காலி மேல் ஏற்றிவிட்டால் ஒப்பிக்கும், சபை மிட்டாய் எறியும். அண்ணனுக்கும் தம்பிக்கும் சித்தப்பா மகனுக்கும் ஏழாவது பெயர் ஒன்றுதான். சம்பந்திகளுக்கும் அது தெரியும்; தெரியாமல் கல்யாணமே கிடையாது. ஒரு குலத்துக்கே ஒரே சாவியைப் போட்டு, அதை வாசலிலும் மாட்டிவைத்தோம். போதாததற்கு, 'ஏழு தந்தையரை அறியாதவன் அடிமை' என்ற பழமொழியைக் கேள்விக்கு மேலே தங்க எழுத்தில் போடச் சொன்னார் இயக்குநர். அதைப் போட்டவன் நான்தான்.

நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. தோக்மோக் அனாதைக் குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன் நான். அங்கே நாங்கள் ஒப்பித்தது பெருக்கல் வாய்ப்பாடு. ஊழியர்கள் எல்லோரும் கேள்விக்குப் பதில் எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். நானும் ஒன்று எழுதினேன். யாரும் சரிபார்க்கவில்லை.

நல்ல காலம் அது. மாஸ்கோவிலும் யெகாதெரின்பூர்கிலும் கூலிக்குப் போன ஆண்பிள்ளைகளுடைய கடிதங்களுக்காக இன்டர்நெட் கிளப்புகளில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். தெருவில் யாராவது "நீங்க ஜோர்கோக்காரர்தானே?" என்று நிறுத்தி நன்றி சொல்வார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்து வாழ்த்தினாள். என் பெயரைக் கேட்டாள், இஷென் என்று சொன்னேன். தானாக என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு வெளிநாட்டு அஞ்சல்கள் வந்தன. இலவசம், பெட்டி பெரியது, குதிரை கிடையாது. ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். இயக்குநர் மறுபடி கூட்டம் போட்டு, குளிர்காலத்துக்குள் நிலைமை மாறாவிட்டால் புகார் மேசைக்கு ஒரு நாற்காலி போதும் என்றார். அன்று எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. மேசையை விட்டு எழுந்தால் நான் யார் என்று யாருக்கும் தெரியாது. இல்லத்துக் கூடத்தில் படுத்திருந்தபோது வந்த அதே பயம்.

அந்த வாரத்தில் ஒரு பெண் கூப்பிட்டாள். யாரோ அவளுக்குக் கையெழுத்தில்லாமல் மிரட்டல் எழுதியிருந்தார்கள். அழுதாள். நான் அவள் பெட்டியைப் பார்த்தேன். அன்று பகல் முழுக்க அவள் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதக்கணக்கில் எட்டிப் பார்க்காதவள். பயந்தவன் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இதை ஒரு தொழில்முறைக் கவனிப்பாகத்தான் சொல்கிறேன்.

முதல் கடிதத்தைப் பால் பண்ணைக் கணக்கர் ஒருவருக்கு எழுதினேன். இரண்டே வரி. 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்டியை மூடி வைக்காதே.' கையெழுத்தாக அவருடைய ஏழாம் தந்தையின் பெயரைப் போட்டேன். பெயர்கள் எல்லாம் எங்கள் மேசையிலிருந்தே பார்க்கக் கிடைப்பவைதான். எனக்கும் சைகாலுக்கும் அந்த வசதி உண்டு.

கணக்கர் அதற்குப் பிறகு ஜோர்கோவை விட்டு எங்கும் போகவில்லை. மற்றவர்களுக்கும் எழுதினேன். வெறும் இரண்டு வரி எல்லோருக்கும் போதவில்லை, ஆகவே அவர்கள் கடிதங்களைக் கொஞ்சம் படித்தேன். 'ஆட்டை விற்றதைத் தம்பியிடம் ஏன் மறைத்தாய்?' 'மருத்துவமனையில் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போனாய்?' இந்த மாதிரி. பொய் எதையும் நான் எழுதவில்லை. ஒரு கடிதத்தில்கூட.

நம் ஜனங்கள் பரம்பரை ஆவிகளுக்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எண்ணெய் காய்ச்சிப் போர்சோக் மாவுத்துண்டு பொரித்து வாசனை காட்டுவார்கள். வழக்கமாக வாரத்தில் ஒருநாள். அந்த இலையுதிர் காலத்தில் நகரம் தினமும் பொரித்தது. எந்தச் சந்தில் நுழைந்தாலும் கொதிக்கும் எண்ணெய் வாசனை, மூடிய சன்னல், உள்ளே முணுமுணுப்பு. பள்ளிப் பிள்ளைகள்கூட இருட்டுமுன் வீட்டுக்கு ஓடினார்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டேன் என்று எங்கள் கணக்குப் பிரிவு அம்மாள் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கீழே யூனுஸ் மட்டும் வேறு காரணத்துக்காகக் கவலைப்பட்டான்.

"ஊரே வீட்ல பொரிச்சுத் தின்னுது பைகே. என் சம்சாவை யாரு வாங்கறா? செத்தவங்களுக்குப் பசி எடுத்தா உயிரோட இருக்கறவன் பட்டினி கிடக்கணுமா?"

ஜோர்கோ நிமிர்ந்தது. 'மக்கள் தம் வேர்களுக்குத் திரும்புகிறார்கள்' என்று இயக்குநர் தொலைக்காட்சியில் சொன்னார். அவருக்கும் நான் எழுதியிருந்தேன். அந்தப் பேட்டி முடிந்த மறுநாள் புகார் மேசைக்கு வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"இஷென், சர்வருக்குள்ள ஏதாவது நுழைய முடியுமா?"

"யாராவது நுழைய முடியுமான்னு கேக்கறீங்களா?"

"யாராவது இல்லப்பா. ஏதாவது."

பார்க்கிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை, ஒரு முல்லாவைக் கூட்டி வந்தார். குளியலறையில் திருவசனம் ஓத முடியாது என்று முல்லா சொல்லிவிட்டார். ஆகவே தேசியத் தரவு மையத்தைக் கம்பியோடு பிடுங்கி நடைக்குத் தூக்கிவந்து கம்பளத்தின் மேல் வைத்தோம். முல்லா ஓதினார், இயக்குநர் முகத்தைக் கையால் தடவிக்கொண்டார். அதற்குள் நகரத்தில் யாருக்கும் பெட்டி திறக்கவில்லை. புகார் மேசைத் தொலைபேசிகள் ஓயாமல் அலறின. "மூடி வைக்காதேன்னு சொல்லியிருந்தாரே, இப்ப மூடிக்கிச்சே, நான் என்ன செய்வேன்?" என்று ஒருவர் தேம்பினார். மூன்றாம் பகுதியில் ஒரு பெரியவர் அன்று மாரடைப்பில் போனதாகக் கேள்விப்பட்டேன். வயதானவர். அவருடைய பெட்டியை மகன் தொடர்ந்து திறந்து பார்த்தான்.

சைகாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையிலும் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வருவாள். புருஷன் ரிஸ்பெக் அடிப்பான் என்று யாரிடமும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்தது அவள் கடிதங்களிலிருந்து. யெகாதெரின்பூர்கில் இருந்த அக்காவுக்கு எழுதுவாள், இங்கிருந்தே, என் எதிரில் உட்கார்ந்தே. மகள் அய்தாயைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். எந்த வெள்ளிக்கிழமை, மேற்குப் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி என்பதெல்லாம் எழுதியிருந்தாள். 'அவன் கண்ணில் பட்டால் என்னை உயிரோடு விடமாட்டான், அக்கா' என்றும் எழுதியிருந்தாள். அவளுடைய கடிதங்களை நான் படித்தது அக்கறையினால். அவள் போய்விட்டால் எதிர் நாற்காலி காலியாகும் என்று வருத்தமாகவும் இருந்தது.

ஒருநாள் தேநீர் குடிக்கும்போது கேட்டாள்.

"பைகே, ஆபீஸ்ல எல்லாருக்கும் லெட்டர் வந்துடுச்சு. பெருக்கற லூபா அம்மாவுக்குக்கூட வந்துச்சு, யாரோ ஏழாவது இவான் கையெழுத்தோட. அந்தம்மா சாமிப்படத்துக்கு மெழுகுவத்தி வாங்கியே ஓட்டாண்டி ஆயிட்டாங்க. உங்களுக்கு மட்டும் வரல. உங்க தாத்தாங்களுக்கு உங்க மேல கோவமா?"

"எனக்கும் வந்துச்சு."

"அப்படியா? யாரு கையெழுத்து?"

நான் தேநீரைக் குடித்தேன். சூடாக இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"வரும், கவலைப்படாதீங்க" என்றாள்.

மறுநாள் வந்தது. 'நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இஷென். நிறுத்து.' கீழே நான் எழுதி வைத்திருந்த அந்த ஏழாம் பெயர். அவள்தான் எழுதியிருக்கிறாள் என்று தெரியும். எதிரே அவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து யாருக்கோ கடவுச்சொல் மாற்றிக்கொண்டிருந்தாள். தெரிந்தும் பெட்டியை மூடினேன், மறுபடி திறந்தேன். மத்தியானம் வரை அதையே செய்தேன். இத்தனை பேர் இப்படித்தான் இருந்தார்களா என்று ஒரு கணம் யோசித்தேன். அப்புறம் யோசிக்கவில்லை.

மத்தியானம் சன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே யூனுஸிடம் சம்சா வாங்கிக்கொண்டு என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். யூனுஸ் தலையை அண்ணாந்து எங்கள் சன்னலைப் பார்த்தான்.

மேலே வந்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பைகே, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எனக்கே ஆயிரம் பயம் இருக்கு, உங்களைப் பிடிச்சுக் குடுத்து எனக்கென்ன ஆகப்போகுது? எங்கம்மா ரெண்டு வாரமா தூங்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள நிறுத்திடுங்க, போதும்."

அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை என்று அவள் சொன்னதை நான் ஒரு கெடுவாக எடுத்துக்கொண்டேன். போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள் என்று தோன்றியது. கடிதங்களைப் பற்றி அல்ல, அது பெரிதில்லை; நான் எழுதி வைத்த அந்த ஏழாம் பெயரைப் பற்றி.

வியாழக்கிழமை அவளுடைய மாமியார் தொலைபேசியில் பேசினார்.

"என் பொட்டி திறக்கமாட்டேங்குது தம்பி."

"யாரு பேசறது?"

"சைகால்."

அறுபதைத் தாண்டிய குரல். சைகால் எனக்கு எதிரே காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேறொரு வாடிக்கையாளருக்குப் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தாள். நான் விதிப்படி கேட்டேன். ஏழாம் தந்தையின் பெயர் என்ன? அந்தம்மாள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சரியான பெயர். சரியான பெயர் சொல்பவருக்குப் புதிய கடவுச்சொல் கொடுக்க வேண்டும் என்பது இயக்குநர் கையெழுத்திட்ட விதி. கொடுத்தேன். அவர் எழுதிக்கொள்ளும்வரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். புகார் மேசையில் என்னைப் போல நிதானமானவன் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள்.

மிச்சம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பேருந்து நிலையத்தில் ரிஸ்பெக்கும் அவன் அண்ணன்களும். குழந்தையை முதலில் வாங்கிக்கொண்டார்கள் என்று பயணச்சீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். குடும்பத் தகராறு என்று எல்லோரும் விலகி நின்றார்கள். சைகாலைப் பெரிய கால்வாயில் கண்டெடுத்தபோது கழுத்துத் துணி இல்லை. அய்தாய் இப்போது பாட்டி வீட்டில் இருக்கிறாள். கதவு தட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாளாம். நான் யார் மேலும் கை வைக்கவில்லை, ஐயா. ஒரு கேள்வி கேட்டேன், சரியான பதில் வந்தது.

அன்றோடு கடிதம் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவள் வெள்ளிக்கிழமைக்குள் என்று கேட்டிருந்தாள்.

கடிதங்கள் நின்றதும் ஜனங்கள் முதலில் இன்னும் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். பயம் போன வழியே வாடிக்கையாளர்களும் போனார்கள். வசந்தத்தில் இயக்குநர் 'தற்காலிக ஓய்வு' என்று அறிவித்துவிட்டுக் குதிரைச் சின்னத்தைக் குமிஸ் புட்டி விற்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். தங்கச் சேணத்தோடு. கடைசி விருந்தில் ஆட்டுத்தலை இல்லை, யூனுஸின் சம்சாதான். அன்றும் ஒரு பொன்மொழி சொன்னார், எனக்கு நினைவில்லை. மூடிய அன்று மாலை என் பெட்டியைப் பார்த்தபோது ஒரு புதுக் கடிதம் கிடந்தது. அனுப்பியவர் இடத்தில் அதே ஏழாம் பெயர். சைகால் போய் ஒரு குளிர்காலம் முழுக்கக் கடந்திருந்தது.

நான் அதைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்த விசைகளை அழுத்திக் கடவுச்சொல்லை மாற்றினேன், எனக்கே தெரியாதபடி. அது உள்ளேயே கிடக்கட்டும் என்று. ஆனால் அன்றிலிருந்து சன்னலுக்கு முதுகு காட்டி என்னாலும் உட்கார முடியவில்லை. வீட்டில் எண்ணெய் காய்ச்சிப் பார்த்தேன். பொரிக்கும்போது யார் பெயரைச் சொல்வது என்று தெரியாமல் அடுப்பை அணைத்தேன்.

அந்த வியாழக்கிழமை அழைப்பில் ஒன்று விட்டுப்போயிற்று. தொலைபேசி நிலையத்துத் தாள் உங்கள் மேசையில் இருக்கிறது, நீங்களே பார்த்திருப்பீர்கள். மணி அடித்தது எங்கள் மேசையில் அல்ல, அவர்கள் வீட்டில். நான்தான் கூப்பிட்டேன், குரலைத் தாழ்த்திக்கொண்டு. உங்கள் மருமகளின் பெட்டியை ஒருமுறை பார்ப்பது நல்லது என்றேன். "சைகால் பேசறேன்னு சொல்லுங்க அம்மா, அப்பத்தான் விதிப்படி கேக்க முடியும்" என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அந்தம்மாள் முதலில் தயங்கினார். எதற்கு என்று கேட்டார். எதிரே சைகால் தன் வாடிக்கையாளருக்கு என்னவோ சொல்லிச் சிரித்தாள், என் தேநீர்க் கிண்ணம் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமை வண்டியைப் பற்றிச் சொன்னேன். அதற்குமேல் அந்தம்மாள் தயங்கவில்லை.

அலுவலகத்துக்காகத்தான் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

இப்போது சர்வர் உங்கள் காப்பறையில் இருக்கிறது, என் பெட்டியைத் திறக்க வேண்டும், கடவுச்சொல்லுக்குப் பதில் அந்தக் கேள்விதான் வந்து நிற்கிறது என்று உங்கள் கணினி ஆள் சொல்கிறார். சொல்கிறேன், அடிக்கச் சொல்லுங்கள். நான் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

யூனுஸ். கீழே சம்சா விற்றவன். பதில் எழுதச் சொன்ன அன்று சன்னல் வழியாகத் தெரிந்தது அவன் கடைப் பலகை ஒன்றுதான். என்னைவிட ஆறு வயது இளையவன்.